செவனிக்கு யார் நியாயம் சொல்வது?



காதலால் அழிந்த கதை என்றால் எமிலி பிராண்டி 1847இல் எழுதிய 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலைச் சொல்வார்கள். ஹீத்கிளிஃப், காதரின் இருவரின் காதல் இரண்டு குடும்பங்களை, இரண்டு தலைமுறைகளைக் குலைத்துப் போடும். பெரிய நாவல்தான். ஆனால் அதைவிட என் நெஞ்சை அறுத்த கதை நம்ம கரிசலில் இருக்கிறது. இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன் எழுதிய 'கிடை' அது.

கிடை மறிக்கிறதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க ஆடு படுத்த புஞ்சையில் புழுக்கையும் மூத்திரமும் இறங்கினால் அடுத்த வெள்ளாமை எப்படி நிற்கும் என்பது சம்சாரிகளுக்குத் தெரியும். அந்த ஆடு மேய்க்கும் வாழ்க்கைக்குள்தான் கதை நடக்கிறது. எல்லப்பன், நாயக்கர் வீட்டுப் பையன். செவனி ஒடுக்கப்பட்ட சாதிப் பெண். இருவரும் தங்களை மறந்திருந்த வேளையில் ஆடுகள் பருத்திக்குள் இறங்கிவிடுகின்றன. அழிமானம்! ஊர் கூடுகிறது, விசாரிக்கிறது. பருத்திக்கு நியாயம் கேட்க ஆள் இருக்கிறது. செவனிக்காகக் கேட்க ஒருவர் இல்லை.

முடிவைக் கேளுங்கள். எல்லப்பனுக்குச் சொந்தச் சாதியில் மேளதாளத்தோடு கல்யாணம். செவனிக்கோ பேய் பிடித்திருக்கிறது என்று பேயோட்டுகிறார்கள். ஒரே ஊரில் இரண்டு கொட்டுச் சத்தம்! ஹீத்கிளிஃப் தானும் அழிந்தான், பிறரையும் அழித்தான். எல்லப்பனுக்கு எந்தச் சேதமும் இல்லை. அழிந்தவள் செவனி மட்டும். அவளை அழித்தது காதல் அல்ல, சாதி. கி.ரா. ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் படித்து முடித்தபின் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. அம்ஷன் குமார் இதைத்தான் 2003இல் 'ஒருத்தி' என்று படமாக எடுத்தார்.

கதை பழசு, விஷயம் பழசாகவில்லை. வயது வந்த இருவர் செய்துகொள்ளும் திருமணத்தில் ஊர்க்கூட்டம் தலையிடுவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் தென்மாவட்டத்தில் சாதி மாறிக் காதலிப்பவர்கள் மீது அரிவாள் ஓயவில்லை.

தாய்மார்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். மகள் ஒருவனை விரும்புகிறேன் என்று வந்து நின்றால், அவனுடைய சாதியைக் கேட்காதீர்கள், குணத்தைக் கேளுங்கள். மகனைப் பெற்றவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்பி வந்தவளை விட்டுவிட்டு வேறொருத்திக்குத் தாலி கட்டச் சொல்லி அவனை மணமேடையில் உட்கார வைக்காதீர்கள்.