வலிப்பு நோய்: மாத்திரையை நிறுத்தும் முன்...

(நவம்பர் 17, தேசிய வலிப்பு நோய் விழிப்புணர்வு தினத்தையொட்டி ஏனாத்தூரில் நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் குடும்பங்களில் வலிப்பு நோய் உள்ள வீடுகளும் உண்டு. அங்கே நாம் அடிக்கடி கேட்பவை மூன்று. "ஆறு மாசமா வரலைங்க, மாத்திரையை நிறுத்திட்டோம்." "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நல்லாக் கேட்டுச்சுன்னு அதே மாத்திரையை வாங்கிக் கொடுத்தோம்." "நோன்பு வந்துடுச்சு, பகல் மாத்திரையை விட்டுட்டோம்." மூன்றுமே ஆபத்தானவை. ஏன் என்பது, மூளைக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் விளங்கும்.

மூளையின் நரம்பு செல்கள் ரசாயனங்கள் மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. சில ரசாயனங்கள் அடுத்த செல்லைத் தூண்டிவிடும். சில, "போதும், அமைதியாக இரு" என்று அடக்கிவைக்கும். அடக்கிவைப்பதில் முதன்மையானது 'கேபா' எனும் ரசாயனம். இது மூளையில் இருப்பது 1950-ல் கண்டறியப்பட்டது. தூண்டுதலுக்கும் அடக்குதலுக்கும் உள்ள அளவு குலைந்து, ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளியிடும்போதுதான் வலிப்பு வருகிறது. அது ஜின்னும் அல்ல, செய்வினையும் அல்ல.

கேபா தன் வேலையை முடித்ததும் அங்கேயே கிடக்கக் கூடாது. அதைத் திரும்ப செல்லுக்குள் எடுத்துச் செல்லத் தனிப் புரதங்கள் இருக்கின்றன. நம் வலீமா விருந்தை நினைத்துப் பாருங்கள். பந்தியில் சாப்பிட்டு முடிந்ததும் தட்டுகளை எடுத்துக் கழுவி அடுத்த பந்திக்குக் கொண்டுவரப் பிள்ளைகள் நிற்பார்கள். சாப்பிடும்போதே தட்டை எடுத்துவிட்டால் வந்தவர் பசியோடு எழுவார். எடுக்கவே ஆள் இல்லையென்றால் தட்டுகள் குவிந்து அடுத்த பந்தி நின்றுபோகும். கேபாவைச் சுமக்கும் புரதத்தின் வேலையும் இப்படித்தான். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

இதற்கு இரண்டு உதாரணங்கள். டயாகபின் என்றொரு மருந்து, கேபாவைத் திரும்ப எடுக்கும் 'கேட்-1' என்ற புரதத்தைத் தடுக்கிறது. கேபா கூடுதல் நேரம் தங்குவதால், மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு சிலருக்குக் கட்டுப்படுகிறது. 1997-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அதே கேட்-1 புரதம் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாத குழந்தைகள் இருக்கிறார்கள். அதற்குரிய மரபணுக் கோளாறு 2015-ல் வலிப்பு நோயோடு தொடர்புபடுத்தப்பட்டது. இந்தக் குழந்தைகளுக்குத் திடீரெனத் துவண்டு விழுவதும், சில நொடிகள் நினைவின்றி வெறித்துப் பார்ப்பதும், பேச்சும் வளர்ச்சியும் தாமதப்படுவதும் உண்டு. வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பை டயாகபின் அதிகமாக்கிவிடவும் கூடும். ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவருக்கு நோயைக் கூட்டுகிறது.

நம்மூரில் வழக்கமாகத் தரப்படும் மாத்திரைகளிலும் இதே கதைதான். கார்பமசெபின் ஒரு வகை வலிப்புக்கு நல்ல மருந்து, வேறு சில வகைகளை மோசமாக்கும். ஆகவே பக்கத்து வீட்டு மாத்திரை உங்கள் பிள்ளைக்கு வேண்டாம். அதேபோல் திடீரென நிறுத்தவும் வேண்டாம். மருந்தின் துணையோடு நின்ற அளவு ஒரேயடியாகக் குலைந்து, வலிப்பு நிற்காமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்த வேண்டிய காலம் வந்தால் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

ரமலானில் இரு வேளை மாத்திரையை சஹரிலும் இஃப்தாரிலும் எடுக்க முடியுமா என்பதை, நோன்புக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரும் என்பதையும் கவனியுங்கள். முடியாது என்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு வலிப்பு வந்தால் "உன் வழியில் வந்தது" என்று மருமகளைக் குத்திப் பேசும் வழக்கத்தை விடுவோம். நாம் மேலே சொன்ன கேட்-1 கோளாறு பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையில் புதிதாகத் தோன்றுவது. நெருங்கிய உறவில் மணம் முடிப்பதால் சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு கூடுவது உண்மைதான். அதை மணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நோயை மறைத்து நிக்காஹ் செய்வதும் வேண்டாம். மறைத்தால் புகுந்த வீட்டில் அந்தப் பெண் மாத்திரையை ஒளித்து வைத்து, கடைசியில் விட்டுவிடுகிறாள். இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பைத் தடையாகச் சொன்ன வார்த்தையே 1999-ல் நீக்கப்பட்டுவிட்டது. நம் வீடுகளில் மட்டும் ஏன் அந்தத் தடை? ஒன்று முக்கியம்: வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த மருந்து கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடும். அதற்காகத் தானாக நிறுத்திவிடவும் கூடாது.

வலிப்பு வந்தவரின் கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாகவும், சரியான சிகிச்சை கிடைத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காஞ்சிபுரத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. மேல்சிகிச்சைக்குச் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. மாத்திரை வாங்கவோ போய்வரவோ பணம் இல்லை என்றால், நிறுத்துவதற்கு முன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். பெயர் வெளியில் தெரியாது.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.