மண்ணெண்ணெய் குடித்த பி.எஸ்.ஏ.

சாட்டி என்றதும் உங்களுக்கு வெண்மணற் கடற்கரையும் நல்ல தண்ணீர்க் கிணறும் நினைவுக்கு வரும். எனக்குப் பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளும் சேர்ந்தே வரும்.

பி.எஸ்.ஏ. எம் 20. இரண்டாம் உலகப் போரிலே பிரிட்டிஷ் படைக்காக ஒரு இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட வண்டி. 496 சீசீ. பல கை மாறிப் பெரியப்பாவிடம் வந்தது. அவர் கறுப்பு அடித்திருந்தார். உரிந்த இடங்களில் படைப்பச்சை எட்டிப் பார்க்கும்.

1990இல் தீவகத்தை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது வண்டி யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் திருத்தத்துக்கு நின்றது. அதனால் தப்பியது. ஆனால் பெற்றோல் தப்பவில்லை. பொருளாதாரத் தடை வந்தபின் குடாநாட்டு வண்டிகள் யாவும் மண்ணெண்ணெய்க்கு மாறின. சொட்டுப் பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைக்க வேண்டும். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். எங்கள் கடற்றொழிலாளரின் மண்ணெண்ணெய் இயந்திரங்களும், இங்கிலாந்தின் பழைய உழவு இயந்திரங்களும் அப்படித்தான். ஆனால் அவை அதற்கென்றே செய்யப்பட்டவை.

எம் 20க்கு அது விதிக்கப்படவில்லை. அதன் அமுக்க விகிதம் ஐந்துக்கு ஒன்று அளவில்தான். அதனால் மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளைச் சுவரில் இருந்த ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி, மிச்ச ஒயிலையும் தண்ணியாக்கியது. பெரியம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவு, ஆசுபத்திரி வாசல்வரை இருமி இருமிக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு அந்த இயந்திரம் பழைய குரலில் பேசவேயில்லை. பெரியப்பா கண்மூடும் மட்டும் அது சாக்கால் மூடியபடியே நின்றது.

போன வருடம் அவருடைய பேரன் பிஸ்டன், றிங் எல்லாம் மாற்றிவிட்டு, "என்ன அடிக்கிறது சித்தப்பா, 95ஆ?" என்று கேட்டான். விலை கூடியதெல்லாம் நல்லது என்பது பொடியன்களின் எண்ணம்! போர்க்காலத்தில் இங்கிலாந்தில் கிடைத்த பெற்றோலின் ஒக்ரேன் எழுபதை ஒட்டித்தான் இருந்தது. இந்த இயந்திரத்துக்கு 92 தாராளம், 95 வீண்செலவு. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றது. ஈயம் இல்லாவிட்டால் வால்வு இருக்கை தேயும் என்று பயப்படுவார்கள். சாட்டிக்கும் வேலணைக்கும் ஆறுதலாக ஓடுகிற வண்டிக்கு அந்தப் பயம் தேவையில்லை.

பயப்பட வேண்டியது எதனோலுக்கு. தமிழ்நாட்டில் இப்போது விற்கும் பெற்றோலில் 20 வீதம்வரை அது கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். பழைய றப்பர்க் குழாயையும் தாங்கிக்குள் பூசிய பூச்சையும் கெடுக்கும். அங்கே இப்படியொரு வண்டி வைத்திருப்பவர் குழாய்களை மாற்றி, ஜெற்றையும் சற்றுப் பெரிதாக்க வேண்டும். எங்களுக்கு உப்புக்காற்றே போதும். ஓடாத மாதங்களில் தாங்கியை வடித்துவிடச் சொன்னேன்.

92 அடித்தோம். நாலாவது உதையில் பிடித்தது. பெரியம்மா விறாந்தைக்கு வந்து, தூணைப் பிடித்தபடி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

"என்னடா, மணத்தையே காணேல்லை?" என்றா.