பெயிண்டைச் சுரண்டுவோம், மரத்தை அல்ல



மார்கழி பாதியைத் தாண்டினால் நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு ஏணி சாத்தியிருக்கும். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட். எந்தக் கம்பெனி டப்பா வாங்குவது, எந்த நிறம் அடிப்பது என்று வீட்டில் பஞ்சாயத்தே நடக்கும். அடியில் இருக்கிற பழைய பெயிண்டை எதைக்கொண்டு எடுப்பது என்று மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "உப்புத்தாள் போட்டு ரெண்டு தேய் தேய்ச்சுட்டு மேலயே அடிச்சுடுப்பா" என்பதோடு அந்த விஷயம் முடிந்துவிடும். அடுத்த மழைக்குப் புதுப் பெயிண்ட் தோல் தோலாக உரியும்போது கம்பெனிக்காரனைத் திட்டுவோம். பெயிண்ட் என்ன செய்யும்? கீழே இருந்த பழைய அடுக்கு தளர்ந்து கிடந்தால், மேலே ஒட்டியதும் அதோடு சேர்ந்துதான் வரும்.

எனக்குத் தொழில், பழைய கதவு, நிலை, திண்ணைத் தூண், மர பீரோ இவற்றைப் புதுப்பிப்பது. ஆகவே வானொலியில் எனக்குக் கொடுத்த நேரத்தில் மரத்தைப் பற்றித்தான் கூடுதலாகப் பேசுவேன். சுவருக்கும் இரும்புக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பழைய எனாமல் பெயிண்டில் காரீயம் கலந்திருக்கும். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் வேறு. நான் சொல்வது விஷமான காரீயம். நிறம் பளிச்சென்று எடுப்பாகத் தெரியவும், சீக்கிரம் காயவும் அதைச் சேர்த்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில் கூடுதலாக இருந்தது. இரும்புக்கு முதல் பூச்சாக அடித்த சிவப்பு ரெட் லெட் என்பதே காரீயப் பொடிதான். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் இதை 1978-லேயே தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டில் 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது. அதற்கு முன்னால் அடித்த எனாமல் எல்லாவற்றையும் காரீயம் உள்ளதாகவே நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் அதுவே நல்ல பழக்கம்.

கண்ணுக்குத் தெரியாத விஷம் என்றால் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு நம் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக வந்தபிறகுதானே நமக்குப் புரிந்தது? 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடாவது பல்லில் அடையாளம் காட்டிக்கொடுத்தது. காரீயம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. தவழுகிற குழந்தை தரையில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும்போது தூசியோடு உள்ளே போகும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை பயமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால்தான் கருவி தேர்வில் என்னுடைய முதல் கேள்வி, "இது எவ்வளவு வேகமாக எடுக்கும்?" என்பது இல்லை. "இது தூசி கிளப்புமா, துண்டாக உரிக்குமா?" என்பதுதான். துண்டாக விழுந்தால் பொறுக்கி அள்ளிவிடலாம். தூசியாகப் பறந்தால் யாராலும் அள்ள முடியாது.

சுவரைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஓரமாக ஒரு இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு வெள்ளை. அதற்குத் தண்ணீர்தான் முதல் கருவி. நன்றாக நனைத்து ஊறவிட்டு, பட்டி பார்க்கிற அகலத் தகட்டைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் பாளம் பாளமாக வரும். நுரைக்கவில்லை என்றால், நகப்பாலிஷ் அழிக்கிற திரவத்தைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். நிறம் துணியில் இளகி வந்தால் தண்ணீரில் கரைத்து அடிக்கிற எமல்ஷன். அசையாமல் நின்றால் எண்ணெய்ப் பெயிண்ட். எமல்ஷன் கெட்டியாகப் பிடித்திருந்தால் முழுக்க எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, உப்பிய இடத்தை மட்டும் எடுத்துப் பட்டி பாருங்கள். மண் சுவர், சுண்ணாம்புக் காரைச் சுவர் உள்ள வீட்டுக்காரர்கள் தயவுசெய்து கம்பி பிரஷ் பக்கம் போகாதீர்கள், காரையே கொட்டிவிடும்.

இரும்பு ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் கம்பி பிரஷ்தான் தோழன். பெயிண்டை நனைத்துவிட்டுத் தேயுங்கள், தூசி எழாது. பிறகு துடைத்துக் காயவைத்து எமரித் தாள். கிரைண்டரில் கிண்ணம் மாதிரியான கம்பி பிரஷை மாட்டிச் சுற்றுகிறவர்கள் கண்ணாடி அணியாமல் செய்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அந்தக் கம்பி ஒடிந்து தெறித்தால் ஊசிதான். தேய்த்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். மறுநாள் என்று விட்டால் பனியிலேயே துரு ஏறிவிடும்.

இப்போது மரத்துக்கு வருகிறேன்.

பாலக்கோடு பக்கம் ஒரு ஓட்டு வீடு. வேங்கை மரத்தில் இரட்டைக் கதவு, நெற்றிப் பலகையில் தாமரை, இரண்டு பக்கமும் கிளி. அவ்வளவும் பிரவுன் எனாமலுக்குள் புதைந்து கிடந்தது. கிளியின் மூக்கு எது, கண் எது என்று தெரியாது. வீட்டுக்காரர், "கிரைண்டர்ல டிஸ்க் மாட்டி ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாருங்க, நீங்க பத்து நாள் கேக்கறீங்களே" என்றார். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. அதே தெருவில் அவருடைய பங்காளி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே கிரைண்டர் ஓடி முடிந்திருந்தது. தாமரை இருந்த இடத்தில் வழவழப்பான ஒரு மேடு. நிலை முழுக்கப் பிறை பிறையாகச் சுழல் கீறல். அதற்கு மேல் வார்னிஷ் அடித்ததில் கீறல் ஒவ்வொன்றும் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. திரும்பி வரும் வழியிலேயே, "பத்து நாளே எடுத்துக்கங்க" என்றுவிட்டார்.

கோயில்களிலும் இந்தக் கதை நடந்தது, நேயர்களே. கல் தூண்களில் காலகாலமாகப் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்க மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தார்கள். கல்தானே, என்ன ஆகும் என்று நினைத்தார்கள். சிற்பத்தின் முகக்களையும் கல்வெட்டின் எழுத்தும் தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது அறநிலையத்துறைக் கோயில்களில் அதற்குத் தடை இருக்கிறது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் மரம் எம்மாத்திரம்?

சூடு வைத்து எடுப்பது ஒரு வழி. அந்தக் காலத்தில் புளோ லேம்ப் வைத்து நேரடியாக நெருப்பு காட்டுவார்கள். அதை மறந்துவிடுங்கள், காரீயமும் புகையாகும், மரமும் கருகும். ஹீட் கன் என்று மின்சாரத்தில் சூடான காற்றை ஊதுகிற கருவி இருக்கிறது. தட்டையான கதவுக்கும் கனத்த அடுக்குகளுக்கும் அது நல்லதுதான். ஆனால் சூடு 600 டிகிரியை எட்டினால் காரீயம் ஆவியாகும், அதனால் குறைந்த சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கொப்புளம் எழும்பியதும் பின்னாலேயே தகடு போக வேண்டும். கண்ணாடி பதித்த ஜன்னலில் காட்டினால் கண்ணாடி விரிசல் விடும். கூரைச் சரிவில் ஓலையோ பழைய மூங்கிலோ இருக்கிற வீட்டில் அதைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

அடுத்து மருந்து. கடையில் பெயிண்ட் ரிமூவர் என்று டப்பாவில் கிடைப்பது. தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் பெயிண்ட் சுருங்கி எழும்பும். குடைவு வேலைப்பாட்டுக்குச் சில இடத்தில் நானும் பயன்படுத்துவேன். டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று எழுதியிருந்தால் அடைத்த அறையில் திறக்கவே கூடாது. குளியலறைக்குள் அதை வைத்து வேலை செய்து மூச்சு நின்று போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. அமெரிக்காவில் 2019-ல் வீட்டு உபயோகத்துக்கு அதை விற்பதையே தடுத்துவிட்டார்கள். நம் ஊரில் மலிவு வைத்தியம் காஸ்டிக் சோடா. எண்ணெய்ப் பெயிண்டைச் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடும், உண்மைதான். கூடவே கையையும் கண்ணையும் பொசுக்கும், தேக்கைக் கறுப்படிக்கும், அலுமினியத்தை அரிக்கும். தேக்குக் கதவில் காஸ்டிக் போட்டவர்கள் பிறகு என்னிடம் வந்து, "பழைய நிறம் வருமா?" என்று கேட்பார்கள். வராது.

சரி, நான் எதைத்தான் எடுப்பேன்? கைச் சுரண்டியை. எங்கள் ஆசாரி வீடுகளில் முன்பு உடைந்த கண்ணாடித் துண்டால் மரத்தைச் சுரண்டுவார்கள். கூர்மையில் அதற்கு ஈடில்லை, ஆனால் விரலும் போகும். அதே வேலையைச் செய்யும் தகட்டைச் செலவில்லாமல் நாமே செய்துகொள்ளலாம். தேய்ந்துபோன கைரம்பம் வீட்டில் கிடக்கும். அதன் எஃகு அருமையானது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். ஓரத்தை அரத்தால் ராவி மட்டமாக்குங்கள், பிறகு சாணைக்கல்லில் வழவழவென்று தேயுங்கள். இப்போது முக்கியமான கட்டம். மோட்டார் மெக்கானிக் கடையில் கழற்றிப் போட்ட எஞ்சின் வால்வு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் தண்டு கெட்டி எஃகு. அதைத் தகட்டின் ஓரத்தில் அழுத்தி இழுங்கள். முதலில் நேராக, பிறகு லேசாகச் சாய்த்து. ஓரம் மடிந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி உருவாகும். விரலை ஓரத்துக்குக் குறுக்கே மெல்லத் தடவினால் நகத்தில் மாட்டும். வெட்டுவது அந்தக் கொக்கிதான்.

தகட்டை இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரல்களால் நடுவில் லேசாக வளைத்து, முன்பக்கம் சாய்த்து, நாரோட்டத்தின் திசையிலேயே தள்ளுங்கள். வெங்காயச் சருகு மாதிரி சுருள் சுருளாக வந்தால் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். பொடியாக வந்தால் முனை மழுங்கிவிட்டது, நிறுத்தித் தீட்டுங்கள். பெயிண்ட் கூர்மையைச் சீக்கிரம் தின்னும், அதனால் தீட்டுவதற்கு அலுத்துக்கொள்ளக் கூடாது. பலம் போட்டுத் தேய்க்கிறவர்கள் தோள் வலி என்பார்கள். கூர்மை இருந்தால் பலம் எதற்கு? கனத்த எனாமல் அடுக்குக்கு இழுத்துச் சுரண்டுகிற கைப்பிடி போட்ட சுரண்டி கடையில் கிடைக்கும். முதலில் அது, கடைசி அடுக்குக்கு இந்தத் தகடு. தூண் வளைவுக்குத் தகட்டின் ஓரத்தையே அரத்தால் வளைவாக ராவிக்கொள்ளலாம். கிளிக் கண்ணுக்கும் தாமரை இதழுக்கும் இரும்பே வேண்டாம், மூங்கில் குச்சியைச் சீவிக்கொள்ளுங்கள், கூடவே பழைய பல் துலக்கும் பிரஷ். உப்புத்தாள் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், அதுவும் நனைத்துத் தேய்க்கிற வாட்டர் பேப்பர். பின்பக்கம் போட்டிருக்கும் எண் ஏற ஏறத் தாள் வழவழப்பு. மரத்துக்கு 120-ல் தொடங்கி 220-ல் நிறுத்தலாம்.

கைச் சுரண்டியில் இன்னொரு சுகம் இருக்கிறது, இயந்திரத்தில் கிடைக்காதது. அடுக்கு அடுக்காக எடுக்கலாம். அந்தப் பாலக்கோட்டுக் கதவில் பிரவுனுக்கு அடியில் வான நீலம் வந்தது. வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "இது எங்க பெரிய மகள் கல்யாணத்துக்கு அடிச்சது" என்றார். அதற்கடியில் பச்சை; அது அவர் மருமகளாக வந்தபோது இருந்த நிறமாம். பச்சைக்கும் அடியில், வெறும் மரத்தில் எண்ணெய் ஊறிய நிலையில், செங்காவியில் ஒரு எண் தெரிந்தது. ஏதோ ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுக்கு இட்ட எண். அந்த இடத்தை மட்டும் சுரண்டாமல் விட்டு மேலே தெளிந்த வார்னிஷ் கொடுத்தேன். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு சொன்னார். பிறகு தொல்லியல் துறை, மேல் அடுக்கைச் சேதமில்லாமல் தனியே உரித்தெடுத்து இரண்டையும் காப்பாற்றியது. நம் வீட்டுக் கதவுக்கு அவ்வளவு பெருமை கிடையாதுதான். இருந்தாலும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் டிஸ்க்கை ஓட்டாதீர்கள் என்பேன்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை நடக்கும் இடத்துக்குக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வர வேண்டாம். கீழே பாலித்தீன் தாள் விரியுங்கள். மூக்கில் துண்டு கட்டினால் போதாது, குறைந்தது என்-95 முகக்கவசம் வேண்டும். முடிந்ததும் துடைப்பம் போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள், வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். இந்தப் பொங்கலுக்கு ஒரே ஒரு கதவையாவது கையால் சுரண்டிப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். கடைசியாக ஒரு வேண்டுகோள்: உரித்த பெயிண்டையும், கழற்றிப் போட்ட பழைய பெயிண்ட் பலகையையும் போகி நெருப்பிலும் போடாதீர்கள், வெந்நீர் அடுப்பிலும் வைக்காதீர்கள்.