ஏப்ரல், மே கணக்கு

 

பட்டம் பெறும் உங்களில் பலர் அடுத்த மாதமே ஓசூர் சிப்காட்டிலோ சூளகிரிப் பக்கமோ வேலைக்குச் சேர்வீர்கள். வருடக் கடைசியில் ஒரு எக்செல் தாள் உங்கள் மேசைக்கு வரும். பங்குச் சந்தையில் மதிப்பால் முதல் 1000 நிறுவனங்கள், சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி விதித்த பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையை 2022-23 முதல் கட்டாயம் தர வேண்டும். அதில், ஆலை எடுத்த மொத்த நீரையும் கேட்கிறார்கள், ஒரு ரூபாய் வருவாய்க்கு எவ்வளவு நீர் என்றும் கேட்கிறார்கள். அந்த இரண்டாவது எண்ணோடுதான் என் சண்டை.

நான் தணிக்கைக்குப் போன ஒரு ஆலையில் மேலாளர் வரைபடத்தைப் பெருமையாகக் காட்டினார். ரூபாய்க்கான நீர் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பேரேட்டைப் புரட்டினேன். வருவாய் இரட்டித்திருந்தது, நீரோ ஒன்றரை மடங்காகியிருந்தது. எண் பொய்யில்லை. ஆனால் அதே கோடையில், மதிலுக்கு அப்பால் தக்காளி போட்ட விவசாயி தன் போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த ஆலையின் வருவாயால் என்ன ஆகப்போகிறது?

மதிலுக்கு வெளியேயும் பார்க்கும் கணக்கு ஒன்று உண்டு. நெதர்லாந்து அறிஞர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா 2002இல் நீர்த்தடம் என்ற கணக்கை முன்வைத்தார். அந்தக் கணக்கில் பச்சை என்பது பயிர் குடிக்கும் மழை, நீலம் என்பது ஆற்றுநீரும் நிலத்தடி நீரும். சாம்பல் என்பது, கழிவைத் தரநிர்ணய அளவுக்குக் கரைக்கத் தேவைப்படும் நன்னீர். இந்தச் சாம்பல் கணக்கு நம் மாவட்டத்துக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பெங்களூருவின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலக்கிறது, கொடியாலத்தில் நம் எல்லைக்குள் நுழைகிறது, கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் நுரையாகப் பொங்குகிறது. நகரத்தின் தடம் அணையில் வந்து நிற்கிறது. இதை எந்த ஆலையின் மதிலுக்குள்ளும் அடக்க முடியாது.

மாணவனாக அந்த அணையில் நீர் மாதிரி எடுத்திருக்கிறேன். பாட்டில் மேல் தேதியோடு அன்றைய நீர்மட்டத்தையும் எழுதாவிட்டால் எங்கள் ஆசிரியர் அதை வாங்கவே மாட்டார். அதே அளவு கழிவு, ஆறு நிறைந்து ஓடும்போது கரைந்துபோகும், வற்றும்போது மீனைக் கொல்லும். ஆண்டுச் சராசரியில் இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆலை எந்தப் போர்வெல்லிலிருந்து, எந்த மாதத்தில், எத்தனை ஆயிரம் லிட்டர் எடுத்தது என்பதை மாதவாரியாக எழுதுங்கள். படிவத்தில் கட்டம் இல்லையென்றால் இணைப்பாகச் சேருங்கள். எதற்கு இவ்வளவு என்று மேலதிகாரி கேட்டால், நீர் வற்றும் ஏப்ரல், மே கணக்கை முதலில் அவர் முன் வையுங்கள்.