நம்மவர் போற்றும் பழைய படங்கள்

கொட்டகலையில் பழைய படங்களைப் பற்றிப் பேச்செழுந்தால் அது இரு கட்சியாகப் பிரியும். ‘நாடோடி மன்னன்’ (1958) என்பார் ஒருவர். அதில் நடித்ததோடு தாமே இயக்கியும் தந்த எம்.ஜி.ஆர். 1917இல் கண்டியிலே பிறந்தவராயிற்றே என்று உரிமையும் கொண்டாடுவார். மற்றவரோ, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்துக்காகச் சிவாஜி கணேசன் கெய்ரோ விழாவிலே பெற்ற சிறந்த நடிகர் விருதை எடுத்துக்காட்டுவார். இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நான் துணியேன்!

ஆயினும், தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ (1975) இப்பேச்சில் இடம்பெறாதது எனக்கு வருத்தமே. நம் தோட்டத் தொழிலாளர் வாழ்வையே கதையாகக் கொண்ட படம் அது. கலையழகில் முன்னவற்றுக்கு நிகரன்று, ஒப்புகிறேன். ஆனால், என் மாணவர் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியவில்லை. கொட்டகையில் அதனைக் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஒரு மாலையேனும் கட்சி வாதத்தை ஒதுக்கிவைத்து, அக்கதையை அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுகிறேன்.