பஞ்ச காலத்துப் பத்திரங்கள்



 நெருக்கடிக் காலத்தில் சர்க்கார் இலாகாக்கள் ஆவணங்களைப் பேணும் முறையை இம்மாநாட்டில் வீற்றிருக்கும் தாங்கள் அனைவரும் நன்கறிவீர்கள். யுத்தகால நிர்வாகத்தின் சரித்திரத்தைப் பேணி வைக்குமாறு 1942-இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பணித்ததையும், அதன் பயனாக 1946-இல் ஒரு நூல் வெளிவந்ததையும் இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. அதே யுத்தத்தின் நடுவே நம் தேசத்தில் நேர்ந்த விஷயம் ஒன்றே என் மனத்தை வெகுகாலமாக ஆட்கொண்டிருக்கிறது.

1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை விசாரிக்க அமைக்கப்பெற்றதும், சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி எஸ். வி. ராமமூர்த்தியும் குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் அய்க்ராய்டும் அங்கம் வகித்ததுமான உட்ஹெட் கமிஷன், ரகசியமாகச் சாட்சியங்களைக் கேட்டு, 1945-இல் தன் அறிக்கையைப் பிரசுரித்தது. அச்சாட்சியங்களையோ அழித்துவிடும்படி உத்தரவாயிற்று. ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராயிருந்த மணிலால் நானாவதி என்ற அங்கத்தினர் தம் பிரதியை அழியாது காத்தமையால்தான், அவை இன்று டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன.

அச்சிட்ட அறிக்கை இருக்கையில் தனிமனிதர் ஒருவர் வைத்திருந்த பிரதி எதற்கு என்று, என் பெருமதிப்பிற்குரிய நண்பர் ஒருவர் முன்பொரு சபையில் வாதித்தார். அவருடைய புலமைக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் அவருடைய முடிவை ஏற்க இயலாது. மாண்டவர் ஏறத்தாழ 15 இலட்சம் என்றது அறிக்கை. கல்கத்தா சர்வகலாசாலையின் மானிடவியலார் கே. பி. சட்டோபாத்யாயர் 35 இலட்சம் என்று மதிப்பிட்டார். அமர்த்தியா சென் 30 இலட்சத்தளவில் கணித்தார். அறிக்கையில் கையொப்பமிட்ட அய்க்ராய்டே, பிற்காலத்தில், தங்கள் தொகை குறைவென்று எழுதினார். கிராமத்து மரணங்களைப் பதிவுக்குத் தெரிவிக்க வேண்டிய சௌக்கிதார்களிற் சிலர் பசியால் மாண்டும் சிலர் ஊரைவிட்டுப் போயும் விட்டபின், பதிவேடு எவ்வாறு முழுமையாயிருக்கும்? அத்தகைய பதிவேட்டை ஆதாரமாகக் கொண்ட அறிக்கையைப் பரிசீலிக்க, அதன் அடியிற் கிடக்கும் சாட்சியங்களன்றி வேறு உரைகல் நமக்கு ஏது?

இன்னும் ஒன்று. வங்காள சர்க்கார், பஞ்ச நிவாரணச் சட்டத் தொகுப்பின்படி பஞ்சத்தைப் பிரகடனம் செய்யவே இல்லை. அத்தொகுப்பு விதித்த அளவில் உணவளிக்கத் தானியம் இன்மையே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. பிரகடனம் இல்லாத இடத்தில், அத்தொகுப்பின்படி எழுதப்பட வேண்டிய நிவாரணக் கணக்குகளும் முறைப்படி எழவில்லை. இலாகாக் கோப்புகளில் இல்லாதது நடக்கவே இல்லை என்று சாதிக்கும் அறிஞர்கள் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும். உத்தியோகஸ்தர்களும் பொதுமக்களும் கமிஷன் முன் கூறிய சொற்கள், கோப்புகள் விட்ட இடத்தை ஓரளவேனும் நிரப்புகின்றன.

ஆதலால், விசாரணைக் கமிஷன்களின் முழுச் சாட்சியமும் அறிக்கை அச்சேறும் நாளிலேயே ஆவணக் காப்பகத்தின் வசம் ஒப்படைக்கப்பட வேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்தும் தீர்மானம் ஒன்றை இம்மாநாடு நிறைவேற்ற வேண்டுகிறேன். நானாவதி பிரதியை முழுதும் ஊன்றிப் படித்து, அறிக்கையோடு வரிக்கு வரி ஒப்பிடும் பணியை இங்குள்ள இளைய ஆராய்ச்சியாளர்கள் மேற்கொள்ள வேண்டும்.