கதவைத் தட்டுவது யார்?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் கணினி நெட்வொர்க்கைக் கவனிக்கிறவன் நான். நம் கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கும் சோறு போடுவது அந்தச் சாலைதான். ஆகவே, நம் எல்லார் வீட்டுக் கணினிக்கும் பொருந்துகிற ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, 300 டாலருக்கு பிட்காயின் கேட்டது. பிரான்சில் ரெனோவையும் இங்கிலாந்தில் நிசானையும் தாக்கிய அது, அந்த இரு கம்பெனிகளும் அன்று ஒரகடத்தில் கூட்டாக நடத்திய ஆலையையும் விடவில்லை. யாரும் எதையும் க்ளிக் செய்ய வேண்டியதில்லை; 445 என்ற போர்ட் வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே தந்திருந்தது. இடையில் 59 நாள் இருந்தது!

இந்தக் கதை நம் வீட்டுக்கு எதற்கு? இன்று பல இன்ஜினியர்கள் ராத்திரி வீட்டிலிருந்தே ஆலையின் நெட்வொர்க்கில் நுழைகிறார்கள். வீட்டு லேப்டாப்பும் ஆலைக்கு ஒரு வாசல்தான்.

"அண்ணே, ஃபயர்வால் கத்துது, ஹேக் பண்ணிட்டாங்களா?" என்று ஜூனியர்கள் போன் செய்வதுண்டு. "அலோ கொடுத்துட்டேன், மெசேஜ் போயிடுச்சு" என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாமவரைப் பற்றித்தான் கவலை.

வெளியிலிருந்து வந்த இணைப்பைத் தடுத்தேன் என்று ஃபயர்வால் சொன்னால், பூட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். இன்டர்நெட்டில் ஓயாமல் யாராவது கதவை ஆட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். உள்ளே இருக்கும் முகம் தெரியாத புரோகிராம் ஒன்று கதவைத் திறக்கச் சொன்னால்தான் உஷாராக வேண்டும்.

அப்போது முதலில் 'கேன்சல்' கொடுங்கள். பிறகு புரோகிராமின் பெயரையும் அது இருக்கும் ஃபோல்டரையும் பாருங்கள். 'எஸ்விசிஹோஸ்ட்' விண்டோஸின் சிஸ்டம்32-இல் இருந்தால் வீட்டு ஆள். டெம்ப் ஃபோல்டரில் இருந்தால் வேஷக்காரன். நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற எழுத்துகளுடன் கொடுத்தால், எந்த இணைப்பு எந்த புரோகிராமின் எண்ணுக்கு உரியது என்று காட்டும். அந்த எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினால் ஆள் அகப்படுவான். சந்தேகம் உறுதியானால் வைஃபையை அணைத்து, முழு ஸ்கேன் செய்யுங்கள். பாங்க் பாஸ்வேர்டை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். கம்பெனி லேப்டாப் என்றால் நீங்களே வைத்தியம் பார்க்காமல், உடனே ஐ.டி. பிரிவுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சைரன் ஒலியோடு, "இந்த நம்பருக்குக் கூப்பிடு" என்று பிரவுசரில் வருவது ஃபயர்வாலே அல்ல, மோசடி. மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. அதை நம்பிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

தம்பி தங்கைகளே, கேம்பஸ் இன்டர்வியூவில் இதையெல்லாம் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு ஷிப்டு முழுக்க லைன் நின்றால், அன்றைய வேலையை நம்பி வரும் ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டிலும் அது தெரியும். எச்சரிக்கை வந்தால் ஐந்து நிமிஷம் நின்று படியுங்கள். அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.